உருகி உருகிப் பாடும் பாட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பியானோ மெல்லத் தொடங்கும். குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல வரும். மூன்றாவது நிமிடத்தில் டிரம்ஸ் இடி மாதிரி இறங்கும், பாட்டின் சுருதி ஒரு கட்டை ஏறும், பாடுகிறவர் உயிரைக் கொடுத்துப் பாடுவார். கேட்பவர்களில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், சிலர் "ஐயோ, ரொம்ப ஓவர்" என்று சிரிப்பார்கள். இந்தப் பக்கம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறவர்களுக்காக எழுதியது. சிரிக்கிறவர்களும் படிக்கலாம்.

எந்த மாதிரிப் பாட்டுகளைச் சொல்கிறீர்கள்?

ஆங்கிலத்தில் 'பவர் பேலட்' என்று பெயர். நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டு வரை வேகம், பிரிவு அல்லது ஏக்கம் பாடுபொருள். சிறியதாகத் தொடங்கிப் பெரியதாக முடியும். பாடுகிறவர் தன் குரலின் எல்லையைத் தொட்டே தீர வேண்டும். கார்ப்பென்டர்ஸ் குழு 1972-ல் வெளியிட்ட 'குட்பை டு லவ்' இந்த வகையின் முன்னோடிகளில் ஒன்று. மென்மையான பாட்டின் நடுவே டோனி பெலூசோவின் முரட்டு கிட்டார் பாய்ந்து வரும். மென்மைக்காகவே அவர்களைக் கேட்டு வந்த சிலர் 'விலைபோய்விட்டீர்கள்' என்று கோபமாகக் கடிதம் எழுதினார்கள். இந்தக் கலவைக்குப் பிறந்த அன்றே திட்டு விழுந்தது.

இந்த உணர்ச்சி ஆங்கிலத்துக்கு மட்டும் சொந்தமில்லை. ஜப்பானில் என்கா, துருக்கியில் அரபெஸ்க், பிரேசிலில் பிரேகா. 'பிரேகா' என்ற சொல்லுக்கே ரசனைகெட்டது என்றுதான் பொருள். வசைச்சொல் அப்படியே ஒரு இசை வகைக்குப் பெயராக நிலைத்துவிட்டது.

'கிட்ச்' என்கிறார்களே, அது என்ன?

ஜெர்மன் சொல். 1860-70களில் மியூனிக் ஓவியச் சந்தையில் மலிவாக விற்ற, அவசரத்தில் வரைந்த படங்களைக் குறித்தது. 1939-ல் அமெரிக்க விமர்சகர் கிளெமென்ட் கிரீன்பெர்க் அதைப் பெரிய ஆயுதமாக்கினார். கிட்ச் என்பது முன்கூட்டியே செரித்துக் கொடுக்கப்பட்ட கலை, ரசிப்பவருக்கு எந்த வேலையும் வைக்காது என்பது அவர் வாதம்.

பதில் சொல்ல வேண்டிய வாதம்தான் இது. இந்தப் பாட்டுகள் எங்கே அழ வேண்டும் என்று காட்டிக்கொடுக்கின்றன, உண்மை. தாலாட்டும் எங்கே தூங்க வேண்டும் என்று காட்டிக்கொடுக்கிறது. அதனால் தாலாட்டு மட்டம் என்று யாரும் சொல்வதில்லை. 'மெலோடிராமா' என்ற வசைக்கும் ஒரு வரி: கிரேக்கத்தில் 'மெலோஸ்' என்றால் பாட்டு. சிந்தனையாளர் ரூசோவின் 'பிக்மாலியன்' நாடகம் 1770-ல் மேடையேறியபோது, பேச்சு ஓயும் இடங்களில் இசை வந்து மீதியைச் சொன்னது. சொல் ஓயும் இடத்தில் இசை பேசுவது என்பதுதான் அந்தச் சொல்லின் வேர். இந்தப் பாட்டுகள் இன்றும் செய்வது அதையேதான்.

பிறகு ஏன் இவ்வளவு கேலி?

பாட்டைவிட, அதைக் கேட்பவர் யார் என்பதே பெரும்பாலும் காரணம். லத்தீன் அமெரிக்காவில் 1970-களின் காதல் பாட்டுகளுக்கு 'இஸ்திரி போடும்போது கேட்கும் இசை' என்று ஒரு பெயர் உண்டு. துணி தேய்த்துக்கொண்டே வானொலியில் அவற்றைக் கேட்ட பெண்களை, முக்கியமாக வீட்டு வேலை செய்த பெண்களை, மனதில் வைத்துச் சொன்னது. ராகத்தைப் பற்றி அந்தப் பெயரில் ஒரு சொல்கூட இல்லை.

துருக்கிக் கதை இன்னும் வெளிப்படையானது. கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்து, நகர விளிம்பில் குடிசை போட்டவர்களும் மினிபஸ் ஓட்டுநர்களும் அரபெஸ்கை நெஞ்சில் வைத்துக் கொண்டாடினார்கள். அரசு வானொலியும் தொலைக்காட்சியும் பல ஆண்டுகள் அதை ஒதுக்கியே வைத்திருந்தன. 1989-ல் அரசுத் தரப்பிலிருந்தே 'வலியில்லாத அரபெஸ்க்' என்று ஒன்றைத் தயாரித்து, ஹக்கி புலுத் என்ற பாடகரைப் பாடவைத்தார்கள். அது எடுபடவில்லை. வலியை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டில் கேட்பவருக்கு என்ன மிச்சம்?

பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியு 1960-களில் 1,217 பேரிடம் அவர்களுடைய ரசனையைப் பற்றிக் கேட்டு, 1979-ல் நூலாக வெளியிட்டார். எந்த இசை பிடிக்கும் என்ற பதில், படிப்பையும் குடும்ப நிலையையும் ஒட்டியே போனது. ஸ்ட்ராஸின் 'நீல டான்யூப்' நடன இசை யாருக்குப் பிடிக்கிறது, பாக்கின் பியானோத் தொகுப்பு யாருக்குப் பிடிக்கிறது என்பதில் வர்க்கக் கோடு பளிச்சென்று தெரிந்தது. அடுத்த முறை யாராவது "இது மட்டமான ரசனை" என்றால், பேச்சு பாட்டைப் பற்றியதா, மனிதர்களைப் பற்றியதா என்று கவனியுங்கள்.

இந்தப் பாட்டு எப்படிக் கட்டப்படுகிறது? சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவதுதானே?

இல்லை. குறைத்து வைப்பதில்தான் முழு வித்தையும் இருக்கிறது. ஒரே ஒரு பாட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம்: விட்னி ஹூஸ்டன் 1992-ல் பாடிய 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'.

முதல் முக்கால் நிமிடம் குரல் மட்டும். தாளம் கிடையாது, சுருதிக்குக்கூட ஒரு வாத்தியம் கிடையாது. கேட்பவர் தன்னையறியாமல் முன்னால் சாய்கிறார், ஏனென்றால் பிடித்துக்கொள்ள வேறெதுவும் இல்லை. பிறகு வாத்தியங்கள் ஒவ்வொன்றாக, கதவைத் தட்டிக் கேட்டு வருவது போல உள்ளே வருகின்றன. நடுவில் கிர்க் வேலமின் சாக்ஸபோன். அடுத்த சரணம் அடங்கிப்போய், ஏறக்குறைய எல்லாமே நின்றுவிடுகிறது. மூன்று நிமிடம் தாண்டியதும் ஒரு மௌனம். பிறகு ஒரே ஒரு டிரம் அடி. அந்த அடியோடு பாட்டு ஆறு கட்டையிலிருந்து ஏழு கட்டைக்குத் தாவுகிறது, குரல் முழு பலத்தோடு திறக்கிறது.

அந்த அடி வேலை செய்வதற்குக் காரணம் அதற்கு முன்னால் உள்ள மௌனம். மௌனம் வேலை செய்வதற்குக் காரணம் அதற்கும் முன்னால் மூன்று நிமிடம் சேர்த்து வைத்த பொறுமை. தொலைபேசியில் கடைசி ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டிக் கேட்கிறவர்களுக்கு வெறும் கத்தலாகத் தெரிவது அதனால்தான். அவர்கள் அணையைப் பார்க்கவில்லை, வெள்ளத்தை மட்டும் பார்த்தார்கள்.

பொதுவான வரிசை இப்படி இருக்கும். முதல் சரணம் பியானோ அல்லது கிட்டாருடன் தாழ்ந்த குரலில். முதல் பல்லவியில் பேஸும் மெல்லிய வயலின் படுகையும். இரண்டாம் சரணத்தில் மறுபடி கொஞ்சம் இறக்கம், ஆனால் முதல் சரணம் அளவுக்கு இறங்காது. இரண்டாம் பல்லவியில் டிரம்ஸ். அதன்பின் 'பிரிட்ஜ்' என்கிற புது மெட்டு, பெரும்பாலும் புதுக் கோர்டுகளோடு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளோடு). பிறகு இடைவெளி, கட்டை ஏற்றம், கடைசிப் பல்லவி. 1980-களின் பதிவுகளில் இரண்டு ஒலிகள் உடனே அடையாளம் தெரியும். ஒன்று, 1983-ல் வந்த யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசரின் கண்ணாடி மணி போன்ற மின்பியானோ. மற்றொன்று, ஓங்கி எதிரொலித்துப் பட்டென்று அறுபடும் ஸ்னேர் டிரம். 'ரிவெர்ப்' என்னும் எதிரொலியை நடுவில் வெட்டி நிறுத்தினால் வரும் ஓசை அது. அந்தக் காலத்து வாசனை என்று அதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. நமக்கு அது மழைக்கு முன்னால் வரும் மண்வாசனை மாதிரி.

கடைசியில் கட்டை ஏற்றுவது மலிவான தந்திரம் இல்லையா?

இசைக்காரர்கள் வட்டத்திலேயே இதற்கு 'லாரி கியர் மாற்றுவது' என்று கிண்டல் பெயர் உண்டு. ஆதார சுரத்தை மாற்றி வேறு ராகம் காட்டும் கிரக பேதத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே முழுப் பாட்டும் அப்படியே தூக்கி மேலே வைக்கப்படுகிறது, அவ்வளவுதான். அரைக் கட்டையோ ஒரு கட்டையோ ஏற்றுவது வழக்கம்.

அரைக் கட்டை ஏற்றினால் ஒரு பளபளப்பு கிடைக்கும். ஒரு கட்டை ஏற்றினால் புதுத் தெம்பு. அதற்கு மேல் போகிறவர்கள் குறைவு. போனால் அது நிகழ்வு. செலின் டியான் பாடிய 'மை ஹார்ட் வில் கோ ஆன்' மூன்று கட்டையிலிருந்து ஐந்தரைக் கட்டைக்குப் போகிறது. கீபோர்டில் எண்ணினால் நான்கு அரைச் சுரங்கள். கேட்கும்போது தரை நகர்ந்தது போலிருக்கும். மெட்டு பழகியதுதான், வரியும் பழகியதுதான், ஆனால் நிற்கிற இடம் வேறு. பிரிவைச் சொல்லும் பாட்டில் இதைவிடப் பொருத்தமான வடிவம் எது? அதே வார்த்தையைச் சொல்கிறோம், ஆனால் பழைய இடத்துக்கு இனித் திரும்பப் போவதில்லை.

கட்டை ஏற்றம் தவறிப்போகும் இடங்களும் தெளிவாகத் தெரியும். பாடகர் ஏற்கெனவே உச்சத்தைத் தொட்டுவிட்டார் என்றால் ஏற்றத்துக்கு மிச்சம் இல்லை. இரண்டாம் பல்லவியிலேயே ஏற்றிவிட்டால் கடைசிக்கு ஒன்றும் கிடையாது. ஏற்றத்துக்கு முன்னால் ஒரு நொடிகூட மூச்சு விடாமல் தாவினால் அது நிஜமாகவே கியர் சத்தம் மாதிரி கேட்கும். ஒரே பாட்டில் மூன்று முறை ஏற்றுவது அபூர்வமாகவே தாங்கும்.

ஏன் புல்லரிக்கிறது? ஏன் அழுகை வருகிறது?

இரண்டும் வேறு வேறு இடங்களில் வருகின்றன. பிரிட்டிஷ் உளவியலாளர் ஜான் ஸ்லோபோடா 1991-ல் 83 பேரிடம், எந்த இசையில் எந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கிறது, எங்கே கண் கலங்குகிறது என்று கேட்டார். எதிர்பாராத கோர்டு வரும் இடங்களில் புல்லரிப்பு. சுரம் உடனே இறங்க வேண்டிய இடத்துக்கு இறங்காமல், பக்கத்துச் சுரத்தில் சாய்ந்து நின்று பிறகு இறங்கும் இடங்களில் கண்ணீர்.

இந்த இரண்டாவதை நீங்களே கேட்டுப் பார்க்கலாம். 'ஸ க ப' ஒலித்துக்கொண்டிருக்கும்போது அதன் மேல் 'ம' பாடி, ஒரு நொடி பிடித்து, 'க'-வுக்கு விடுங்கள். 'ம'-வில் ஒரு உறுத்தல், 'க'-வில் ஒரு பெருமூச்சு. காதல் பாட்டு எழுதுகிறவர்கள் முக்கியமான வார்த்தையை அந்த உறுத்தலின் மேல்தான் உட்காரவைப்பார்கள்.

2011-ல் வலோரி சலிம்பூரும் சக ஆய்வாளர்களும் செய்த மூளைப் படப்பிடிப்பு ஆய்வில் இன்னொன்று தெரிந்தது. இசையின் உச்சத்தில், இன்பத்தோடு தொடர்புள்ள டோபமைன் என்ற வேதிப்பொருள் மூளையில் சுரக்கிறது. உச்சம் வரப்போகிறது என்று காத்திருக்கும்போதே மூளையின் வேறொரு பகுதியில் அது சுரக்கத் தொடங்கிவிடுகிறது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் ரசனை குறையும் என்பவர்களுக்கு இதைச் சொல்லலாம். நூறாவது முறை கேட்கும்போதும் அந்த டிரம் அடிக்கு முன்னால் நெஞ்சு படபடப்பது அதனால்தான்.

உடம்பில் தெரிவதே உணர்ச்சி என்பது நமக்குப் புதிதில்லை. தொல்காப்பியம் மெய்ப்பாடு எட்டு என்று எண்ணி, அழுகையின் காரணங்களை இளிவு (இகழப்படுதல்), இழவு (இழப்பு), அசைவு (நிலைகெட்டுத் தளர்தல்), வறுமை என நான்காகப் பிரிக்கிறது. இந்தப் பாட்டுகளை அந்த நான்கில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலானவை இழவில் விழும். கைவிடப்பட்டவரின் பாட்டு இளிவிலும் விழும்.

யாரோ எழுதியதை யாரோ பாடுகிறார்கள். இதில் உண்மை எங்கே?

'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாடகி டாலி பார்ட்டன் 1973-ல் எழுதியது. காதலனைப் பிரிந்து எழுதவில்லை. தன்னை வளர்த்துவிட்ட போர்ட்டர் வாகனரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியை விட்டுத் தனியாகப் போகும்போது, அவருக்கு விடை சொல்ல எழுதினார். அது பத்தொன்பது ஆண்டு கழித்து இன்னொருவர் குரலில் காதல் பாட்டாகி, அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் இருந்தது. மூலக் காரணம் மாறியது, விடைபெறும் வலி மாறவில்லை.

'வித்தவுட் யூ' இன்னும் விசித்திரம். பேட்ஃபிங்கர் குழுவின் பீட் ஹாமிடம் ஒரு சரணம் இருந்தது, பொருத்தமான பல்லவி இல்லை. டாம் எவன்ஸிடம் பல்லவி இருந்தது, சரணம் இல்லை. இரண்டையும் தைத்து 1970-ல் பதிவு செய்தார்கள். அடுத்த ஆண்டு ஹாரி நில்சன் பாடினார், 1994-ல் மரையா கேரி பாடினார். தையல் தெரிகிறதா என்று கேட்டுப் பாருங்கள். சரணத்தில் ஒருவர் தயங்கித் தயங்கிப் பேசுகிறார், பல்லவியில் அடக்க முடியாமல் வெடிக்கிறார். இரண்டு பேரின் துண்டுகள் ஒரே மனிதனின் முன்னும் பின்னுமாகிவிட்டன.

'மை ஹார்ட் வில் கோ ஆன்' விஷயத்தில், 'டைட்டானிக்' படத்தின் முடிவில் பாட்டே வேண்டாம் என்றிருந்தார் இயக்குநர். இசையமைப்பாளர் ஜேம்ஸ் ஹார்னர் சொல்லாமல் மெட்டுப் போட்டு, செலின் டியானை மாதிரிப் பதிவுக்குப் பாடவைத்தார். அந்த மாதிரிப் பதிவின் குரல்தான் கடைசிவரை நிலைத்தது. தொழிற்சாலைச் சரக்கு என்று அதிகமாகத் திட்டு வாங்கிய பாட்டின் குரல், சரிபார்க்கப் பாடிய குரல்.

உண்மை என்பது பாடகரின் வாழ்க்கைக் குறிப்பில் இருக்க வேண்டியதில்லை. அந்த நான்கு நிமிடத்தில் அவர் எதையாவது மிச்சம் பிடித்தாரா என்று கேளுங்கள். பிடித்திருந்தால் காதுக்குத் தெரிந்துவிடும்.

வரிகள் தேய்ந்துபோன வரிகளாக இருக்கின்றனவே?

ஆமாம், இருக்கின்றன. 'நீயில்லாமல் நானில்லை' என்பதைப் புதிதாகச் சொல்ல வழி குறைவு. ஒப்பாரியிலும் வரி பழையதுதான், அழுகிறவர் புதியவர். ஆனாலும் கவனக்குறைவாக எழுதிய வரியை நியாயப்படுத்த வேண்டாம். எதுகைக்காக மட்டும் வந்த வரி, பாட்டின் உச்சத்தில் உட்கார்ந்திருந்தால் அது பழுதுதான்.

"குற்ற உணர்வோடு ரசிக்கிறேன்" என்று சொல்லிக்கொள்ளலாமா?

வேண்டாம். அந்த வாக்கியம் முன்ஜாமீன் வாங்குகிற வேலை. சொல்லிச் சொல்லியே பாட்டை அரை மனதோடு கேட்கும் பழக்கம் வந்துவிடும். இன்னொரு வழியும் இருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் 1964-ல் எழுதிய கட்டுரையில் 'கேம்ப்' என்று சொன்ன மனநிலை அது: மிகையை மிகையென்று தெரிந்தே, ஒரு புன்னகையோடு கொண்டாடுவது. அது அன்பில்லாதது இல்லை. ஆனாலும் புன்னகைக்கும் கண்ணீருக்கும் நடுவே ஒரு கண்ணாடி நிற்கும். நேராகக் கேட்க விரும்புகிறவர் அந்தக் கண்ணாடியை நகர்த்திவிட்டுக் கேட்கலாம். பாட்டு அதற்குத் தயாராகவே இருக்கிறது.

சரியாகக் கேட்பது எப்படி?

முழு வடிவத்தைத் தேடுங்கள். பானி டைலரின் 'டோட்டல் எக்லிப்ஸ் ஆஃப் தி ஹார்ட்' ஆல்பத்தில் ஏறத்தாழ 7 நிமிடம், வானொலிக்கு வெட்டியது நாலரை நிமிடம். எரிக் கார்மெனின் 'ஆல் பை மைசெல்ஃப்' 1975 ஆல்பத்தில் 7 நிமிடத்துக்கு மேல். வெட்டியதில் போவது பெரும்பாலும் நடுவிலுள்ள வாத்தியப் பகுதி. அங்கேதான் கடைசிப் பல்லவிக்கான கடன் வாங்கப்படுகிறது.

பாட்டுக் கேட்கும் செயலியில் இரண்டு அமைப்புகளைப் பாருங்கள். ஒரு பாட்டின் வாலும் அடுத்ததன் தலையும் ஒன்றன்மேல் ஒன்று விழும் 'கிராஸ்ஃபேட்' பூஜ்யத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் கடைசிப் பியானோச் சுரத்தின் மேல் வேறொரு பாட்டின் டிரம்ஸ் ஏறும். ஒலி அளவைச் சமப்படுத்தும் வசதியில் 'உரக்க' என்ற நிலை இருந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள். சில செயலிகளில் அது உச்சங்களை அமுக்கிவிடும். ஒற்றைக் காதில் மட்டும் மாட்டிக் கேட்டால் பாதி வயலின்கள் காணாமல் போகும்.

ஒலி அளவை முதல் சரணத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு இது. கிசுகிசுப்புக்குத் தகுந்தபடி கூட்டிவைத்தால் கடைசிப் பல்லவி காதைக் கிழிக்கும், கை தானாகக் குறைக்கும், ஏற்றமே கெட்டுவிடும். கடைசிப் பல்லவியைச் சில நொடி ஓடவிட்டு, அங்கே வசதியாக இருக்கும் அளவை வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். சரணம் சின்னதாகக் கேட்கும், அது அப்படித்தான் கேட்க வேண்டும். ஓடும் வாகனத்தில் இந்தச் சரணங்கள் இரைச்சலில் மூழ்கிவிடும். நெடுநேரம் கேட்பவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல்.

பட்டியல் போடுவதானால் ஒன்பது, பத்துப் பாட்டுக்கு மேல் வேண்டாம். உச்சத்தில் முடியும் இரண்டு பாட்டுகளை அடுத்தடுத்து வைத்தால் இரண்டாவது செத்துவிடும். நடுவில் வாத்தியம் குறைந்த ஒன்றை வையுங்கள். மிகவும் பிடித்த பாட்டு ஒருநாள் ஒன்றுமே செய்யாமல் போனால் பயப்பட வேண்டாம், அதற்கு ஓய்வு தேவை. சில வாரம் தொடாமல் விட்டுவிட்டு, வேறு பாடகர் பாடிய வடிவத்தை ஒரு முறை கேட்டு, பிறகு மூலத்துக்குத் திரும்புங்கள்.

நானே பாட வேண்டும். கரோக்கேயில் எப்போதும் கடைசியில் சொதப்புகிறது.

சொதப்பல் கடைசியில் தெரிகிறது. தவறு நடப்பது பாட்டுத் தொடங்கும் முன்பே. முதல் சரணத்தைப் பாடிப் பார்த்து "இது என் கட்டைதான்" என்று முடிவு செய்கிறோம். சரணம் தாழ்ந்தது. பல்லவி அதைவிட உயரம், கட்டை ஏறிய கடைசிப் பல்லவி இன்னும் உயரம்.

எனவே பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். சுருதி காட்டும் செயலியை வைத்து, 'ஆ' என்று சிரமமில்லாமல் இரண்டு நொடி பிடிக்க முடிகிற உங்கள் உச்சச் சுரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டின் உச்சச் சுரத்தைக் கடைசிப் பல்லவியில் தேடுங்கள். பாட்டின் உச்சம் ஈ5 (E5), உங்களுடையது சி5 (C5) என்றால் வித்தியாசம் நான்கு அரைச் சுரம். கரோக்கே கருவியில் ஒரு அழுத்தலுக்கு ஒரு அரைச் சுரம் இறங்கும், நான்கு முறை அழுத்துங்கள். பிறகு மறக்காமல் முதல் சரணத்தின் மிகத் தாழ்ந்த இடத்தைப் பாடிப் பாருங்கள். ஐந்தாறு அரைச் சுரம் இறக்கினால் சரணம் தொண்டையின் அடியில் உறுமலாகிவிடும். அப்படியானால் அந்தப் பாட்டு இப்போதைக்கு உங்களுக்கில்லை. கட்டை ஏறாத பதிப்பு கிடைத்தால் அதைப் பாடலாம்.

பாடும்போது சரணத்தைப் பத்துக்கு மூன்று பலத்தில் தொடங்குங்கள். இது கேட்பதைவிடக் கடினம், ஏனென்றால் பயத்தில் எல்லோரும் ஆறில் தொடங்குவார்கள். ஆறில் தொடங்கியவருக்கு இரண்டாம் பல்லவியிலேயே பத்து தீர்ந்துவிடும். மைக் சரணத்தில் உதட்டிலிருந்து இரண்டு மூன்று விரல் அகலம், உச்சத்தில் ஒரு சாண். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் ஒலி மங்கும், ஸ்பீக்கர் விசிலடிக்கும். நீண்ட வரிக்கு முன்னால் தோள் உயராமல், விலா விரியும்படி மூச்செடுங்கள். தோள் உயர்ந்தால் கழுத்து இறுகும், கழுத்து இறுகினால் சுரம் மேலே போகாது. உயரத்தில் 'ஈ', 'ஊ' போன்ற ஓசைகள் நெரிபடும். 'ஈ'-யை 'ஏ' பக்கம் கொஞ்சம் திறந்துவிட்டால் சுரம் தானாக விடுபடும், வார்த்தையும் புரியும்.

நீண்ட சுரத்தின் அசைவுக்கு அவசரப்பட வேண்டாம். நல்ல பாடகர்களின் அசைவு நொடிக்கு ஐந்து முதல் ஏழு வரை இருக்கும். முதலில் நேராகப் பிடித்து, பாதியில் அசையவிட்டால் உணர்ச்சி கூடும். முதல் நொடியிலிருந்தே ஆடினால் சுருதி தேடுவது போலக் கேட்கும்.

கரகரப்பை வரவழைக்க முயலாதீர்கள். பானி டைலருக்கு அந்தக் குரல் 1970-களில் குரல்நாணில் முடிச்சு வந்து அறுவை செய்த பிறகு அமைந்தது. வேண்டுமென்றே தொண்டையைக் கீறி அந்த ஒலியை எடுத்தால் மறுநாள் குரல் இருக்காது. பாடும் முன் ஐந்து முதல் பத்து நிமிடம் வாய் மூடி முனகலும் உதடு அதிரும் பயிற்சியும் போதும். குரலடைப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

இந்த வகையில் மோசமான பாட்டே கிடையாதா?

நிறைய உண்டு. நேசிப்பவர்களுக்குத்தான் அது நன்றாகத் தெரியும். முதல் வரியிலிருந்தே உச்சத்தில் இருப்பது, ஒவ்வொரு வார்த்தைக்கும் பத்து சங்கதி போடுவது, சரணத்தையும் பல்லவியையும் ஒரே சத்தத்துக்கு அமுக்கிப் பதிவு செய்வது என்று குறைகள் பல. சங்கதி விஷயத்தில் என்கா பாடகர்களிடம் கற்க நிறைய இருக்கிறது. குரலைச் சட்டென்று மடித்துத் திருப்பும் 'கொபுஷி'யை வரியின் ஒரு குறிப்பிட்ட எழுத்தில் மட்டும் போடுவார்கள், மற்றதை வெறுமையாக விடுவார்கள். பல என்காக்களின் சுரவரிசை ம, நி இல்லாதது; அதிலும் ஸ ரி க ப த என்ற வகை நம் மோகனம்தான். முதல் முறை கேட்கும்போதே பழக்கமானது போலத் தோன்றினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

வீட்டிலோ நண்பர்களிடமோ கேலி செய்கிறார்கள். என்ன சொல்வது?

வாதாடிப் பாட்டைப் பிடிக்கவைக்க முடியாது. "எனக்கு இது நிஜமாகவே பிடிக்கும்" என்று மன்னிப்புத் தொனி இல்லாமல் ஒரு முறை சொன்னால் போதும், பாதிக் கேலி நின்றுவிடும். காதுள்ளவராக இருந்தால் ஒரு இடத்தைச் சுட்டிக்காட்டுங்கள். 'ஆல் பை மைசெல்ஃப்' சரணத்தின் மெட்டு, 1901-ல் முழுதாக அரங்கேறிய, ரஷ்ய இசையமைப்பாளர் ரஹ்மானினோவின் இரண்டாம் பியானோ கான்செர்ட்டோவின் நடுப்பகுதியிலிருந்து வந்தது. எரிக் கார்மென் உரிமை காலாவதியானதென்று நினைத்து எடுத்துக்கொண்டு, பின்னர் வாரிசுகளுக்குப் பங்கு கொடுத்தார். அரங்கில் கேட்டால் உன்னதம், வானொலியில் கேட்டால் மலிவு என்று அதே மெட்டுக்கு இரண்டு பெயர். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர் எதைக் கேட்கலாம்?

மேலே சொன்னவையே போதும், ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு இடத்தைக் குறிவைத்துக் கேளுங்கள். 'வித்தவுட் யூ'வில் நில்சன் பல்லவியை முதல் முறை அடக்கிப் பாடி, பிறகு ஒரு ஸ்தாயி மேலே தூக்குவதை. 'டோட்டல் எக்லிப்ஸ்' பாட்டில் பின்னால் திரும்பத் திரும்ப அழைக்கும் ரோரி டாடின் ஆண் குரலை. பானி டைலர் அதற்குப் பதில் சொல்லச் சொல்ல எப்படி உடைகிறார் என்பதை. மேலே சொல்லாத ஒன்றும் உண்டு: 'அன்செயின்ட் மெலடி'யின் 1965 வடிவத்தில் பாபி ஹாட்ஃபீல்ட் கடைசியில் ஏறும் அந்த ஒற்றைச் சுரத்தை.

பாட்டு முடிந்த பிறகு?

உடனே அடுத்ததைப் போடாதீர்கள். இந்தப் பதிவுகளில் கடைசிச் சுரம் அடங்க ஐந்தாறு நொடி எடுக்கும். ஹெட்ஃபோனில் கேட்டால் எதிரொலி முழுதாக ஓய்ந்த பிறகு, பழைய பதிவுகளில் டேப்பின் மெல்லிய இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்கும். அதுவும் அறுபடும்வரை இருங்கள்.